கூத்துப் பிறக்டிக்கலில கண் தெரியாத பிள்ளைக்கு எப்பிடிப் புள்ளி போடுறது? கம்பஸில படிப்பிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

கனகராயன்கரை:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் ஒரு கம்பஸில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறன், தற்காலிக விரிவுரையாளர்தான், வீடு கிளிநொச்சிப் பக்கம், ஒவ்வொரு நாளும் ஏ9ஆல பஸ்ஸில போய் வாறன். எந்தக் கம்பஸ் எண்டு கேக்காதேங்கோ. இந்த முறை ரெண்டாம் வருசத்துக்குக் கூத்துப் பாடம் என்ர தலையில விழுந்திருக்கு, 34 பிள்ளையள். அதில ஒரு பிள்ளைக்குச் சின்ன வயசிலயே ரெண்டு கண்ணும் தெரியாது, குரல் எண்டா அப்பிடியொரு குரல். ஒரு பெடியனுக்கு முழங்காலுக்குக் கீழ செயற்கைக் கால். அதோட கடைசி வாங்கில இருக்கிற நாலைஞ்சு பேர், 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையள், வகுப்பில வாயே திறக்காதுகள், ஆனா வெளியில மரத்துக்குக் கீழ நிண்டு மேசையில தாளம் போட்டா நான் அப்பிடியே நிண்டு கேப்பன்.

பிரச்சினை என்னெண்டா பழைய புள்ளித்திட்டம். ஆட்டம் 40, பாட்டு 30, ஒப்பனை உடுப்பு 10, குறிப்பேடு 20. முந்தி இப்பிடி ஒரு பிள்ளை வந்தப்ப "நீங்க ஆட வேண்டாம், கட்டுரை எழுதித் தாங்கோ" எண்டு சொல்லி, மற்றவை ஆடேக்க அவவை ஒரு கரையில கதிரை போட்டு இருத்தித் தாளம் குடுத்தவையாம். கேக்கவே ஒரு மாதிரி இருந்துது. இந்த முறையும் "கருணைப் புள்ளி போட்டு விடுங்கோ மிஸ்" எண்டுதான் எனக்குச் சொல்லுப்பட்டது.

இதுக்குள்ள கற்பித்தலைப் புதுசா செய்யிறதுக்கு எண்டு ஒரு சின்னக் காசு வந்திருக்கு, ரெண்டு கிழமைக்குள்ள திட்டம் எழுதிக் குடுக்கவேணும். எங்கட பகுதியில எல்லாரும் ஸ்மார்ட் போர்ட், புறொஜெக்டர், பெரிய சவுண்ட் செட் எண்டுதான் நிக்கினம். எனக்கு அதில மனமில்ல, ஆனா அதுக்குப் பதிலா என்ன கேக்கிறது எண்டு வடிவா சொல்லவும் தெரியேல்ல. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. தத்துவம் வேண்டாம், தயவுசெய்து.

ஏட்டுக்காரன்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், முள்ளியவளைப் பக்கம். கோவலன் கூத்து பாத்து வளந்த ஆள், ரெண்டு தரம் ஏறி ஆடியும் இருக்கிறன், ஒருக்கா வரவுப் பாட்டு, அதாவது பாத்திரம் களரிக்குள்ள வரேக்க பாடுற பாட்டு, மறந்துபோய் நிண்டும் இருக்கிறன். அந்த மறந்த கதையில இருந்தே உமக்குப் பதில் சொல்லலாம்.

நான் மறந்து நிக்கேக்க ஆரும் சிரிக்கேல்ல. பின்னால ஏட்டோட நிண்டவர் முதல் சொல்லை எடுத்துக் குடுத்தார், பிற்பாட்டுக்காரர் அந்த அடியை இன்னொருக்கா இழுத்துப் பாடிச்சினம், மத்தளம் நிக்காம ஓடிச்சுது, நான் ரெண்டு சுத்து ஆடிப்போட்டுத் திரும்பப் பிடிச்சன். பாத்துக்கொண்டிருந்த சனத்துக்கு ஒண்டும் தெரியாது. கூத்துக்குள்ள ஒருத்தனைத் தாங்கிப் பிடிக்கிற ஆக்கள் எப்பவும் நிப்பினம், அது விசேட தேவை எண்டு பேர் வைச்சுச் செய்யிற காரியம் இல்ல, அரசனா ஆடுறவனுக்கும் அதேதான். கம்பஸுக்குள்ள கொண்டுபோய் மேடையில ஏத்தி, ஒவ்வொருத்தனையும் தனியத் தனிய நிப்பாட்டிப் புள்ளி போடத் தொடங்கினாப் பிறகுதான் இந்தச் சிக்கல் எல்லாம்.

இன்னொண்டு, அண்ணாவியார், கூத்துப் பழக்கிற ஆசான், அவர் பழக்கினது காதால. எங்கட ஊரில அந்தக் காலத்தில கூத்தாடின கனபேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் ஒரு அடி சொல்லுவார், நாங்கள் திருப்பிச் சொல்லுவம், தாளக்கட்டை, ஆட்டத்துக்கான தாளச் சொல்லுகளை, வாயால சொல்லிச் சொல்லித்தான் கால் வரும். அப்ப உம்மட அந்தப் பிள்ளைதான் வகுப்பில எல்லாரையும் விட முன்னுக்கு நிக்கவேணும், நீர் நோட்ஸ் குடுத்துத்தான் அவவைப் பின்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறீர், கோவிக்காதேயும்.

செய்யிற விதம் சொல்லுறன். மேடையை விடும், வெளி முத்தத்தில வட்டக்களரி, சுத்திவர சனம் இருந்து பாக்கிற வட்டமான ஆடுகளம், போடும். வட்டத்துக்குத் தடிப்பான கயிறு ஒண்டை நிலத்தில படுக்கப் போட்டு ஆணி அடிச்சா வெறுங்காலுக்கு எல்லை தெரியும். மத்தளம் எப்பவும் ஒரே இடத்தில இருக்கவேணும், சத்தம் எந்தப் பக்கம் எண்டு வைச்சு அவ திசை பிடிச்சுக்கொள்ளுவா. முதல் ரெண்டு கிழமை கையை மத்தளத்தில வைச்சுப் பழகட்டும். செயற்கைக்கால் பெடியனுக்குக் காத்தவராயன் கூத்துப் பாணி, சிந்துநடை, யோசிச்சுப் பாரும். அதில பாட்டும் அந்தத் துள்ளுநடையும்தான் உயிர், பெரிய மிதி வராது. ஆனா அவனைக் கேட்டுப்போட்டுச் செய்யும், சில பெடியள் பெரிய மிதிதான் ஆடுவன் எண்டு நிப்பாங்கள், அதுவும் சரிதான்.

பனங்கொட்டை:

மேல சேர் சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி. மற்றப் பிள்ளையள் ராத்திரி பகலா ஆட்டம் பழகி வேர்த்து விறுவிறுத்து 40 எடுக்க, ஒருத்தர் ஆடாமலே எடுத்தா அது நியாயமோ? தரம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ. நாளைக்கு வெளியில "அந்தக் கம்பஸ் டிகிரி சும்மா குடுக்கிறது" எண்டு கதை வரும். நான் இரக்கமில்லாம சொல்லேல்ல, நடைமுறையைச் சொல்லுறன்.

தடவிப்பாத்தவன்:

பனங்கொட்டை அண்ணை, உங்களுக்கு நான் பதில் சொல்லுறன், ஏனெண்டா எனக்கும் கண் தெரியாது, நானும் கலைப்பீடத்தில படிச்சு வந்து இப்ப படிப்பிக்கிறன்.

எனக்குக் கருணைப் புள்ளி போட்டவை. அந்தப் பாடத்தின்ர பெறுபேற்றை இண்டைக்கும் ஆருக்கும் சொல்லுறேல்ல, அது என்ர புள்ளி இல்ல. அதால தரம் எண்டு நீங்கள் சொல்லுறதை நான் உங்களை விடக் கூட விரும்புறன். ஆனா அந்த 40 எதுக்கு? உங்கட பாடத்திட்டக் கோப்பை எடுத்துக் கற்றல் பேறு எண்ட பக்கத்தைப் பாருங்கோ மிஸ், அதில "தாளக்கட்டை விளங்கிப் பாத்திரத்தை ஆற்றுகை செய்வார்" எண்ட மாதிரி ஏதாவதுதான் இருக்கும், "ரெண்டு காலாலயும் கண்ணாடியைப் பாத்து ஆடுவார்" எண்டு இருக்காது. அப்ப பாக்கவேண்டியது என்ன? தாளம் விடேல்லையோ, வரவில பாத்திரத்தின்ர குணம் தெரியுதோ, கூட ஆடுறவனோட சேந்து போறாரோ. இதை 34 பேருக்கும் ஒரே மாதிரிப் பாருங்கோ, ஒருத்தருக்கும் சலுகை தேவையில்ல. கண் தெரிஞ்சவைக்கும் இது கஷ்டமாத்தான் இருக்கும், இப்ப நல்லாக் குதிச்சாலே 35 விழுகுது எல்லோ.

அடுத்தது நோட்ஸ். மிஸ், நீங்கள் பாமினி எழுத்துருவிலயோ ரைப் பண்ணுறியள்? எங்கட கம்பஸில பாதிப் பேர் இண்டைக்கும் பாமினிதான். பாமினியில உள்ளுக்கு இருக்கிறது ஆங்கில எழுத்து, மேலதான் தமிழ் வடிவம், அதால என்விடிஏ, திரையில இருக்கிறதை எங்களுக்குச் சத்தமா வாசிக்கிற மென்பொருள், அதை வாசிக்கேக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாத்தான் கத்தும். நான் முதல் செமஸ்டர் முழுக்க என்ர கணினி பழுது எண்டு நினைச்சன். யூனிகோடில குடுத்தா என்விடிஏ தமிழில வாசிக்கும், அந்த மென்பொருள் இலவசம், மாத்துற கருவியும் இணையத்தில சும்மா கிடக்கு. போட்டோக்கொப்பியை ஸ்கேன் பண்ணி அனுப்புறதும் அப்பிடித்தான், எனக்கு அது வெறும் படம். இதுக்கு உங்கட காசில ஒரு சதமும் தேவையில்ல, ஒரு சனி ஞாயிறு இருந்தாக் காணும்.

ஒப்பனை பாடம் வரேக்க அவவை முடியையும் மார்புப் பதக்கத்தையும் தோளில கட்டுற புயகீர்த்தியையும் கையால தொட்டுப் பாக்க விடுங்கோ, முதல் நாளே, மற்றவை உடுக்க முன்னம். நான் மூண்டு வருசம் கூத்தைப் பற்றிப் பரீட்சை எழுதினன், ஒரு கிரீடம் எவ்வளவு பாரம் எண்டு பட்டம் எடுத்தாப் பிறகுதான் தெரிஞ்சது.

கொழுந்து:

வணக்கம் மிஸ். நான் அந்தக் கடைசி வாங்கில இருந்தவ மாதிரித்தான், வேற வருசம், வேற எடம். பொறந்தது கிளிநொச்சி, ஆனா எங்க ஆச்சி சாகும் வரைக்கும் தோட்டத்துக் கதைதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

நீங்க ஆர்வத்துல "உங்கட தப்பு அடிச்சுக் காட்டுங்கோ" அப்படினு மட்டும் வகுப்புல கேட்டுறாதீங்க. தப்புன்னா எங்க ஆளுங்க அடிக்கிற தோல் மேளம். எனக்கு ஒருத்தர் கேட்டாரு. நல்ல மனசுலதான் கேட்டாரு, ஆனா 40 பேரும் என்னையத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. தப்பு அடிக்கிறதுன்னா யாரு, எந்த ஆளுங்கன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு இருக்கு, யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, பேச்சுல இல்லாத சாதி பார்வையில இருக்கும். பறை மேளம் அடிக்கிறவங்க பிள்ளைங்க உங்க வகுப்புல இருந்தா அவங்களுக்கும் இதே கததான்.

அதுக்குப் பதிலா பாடத்துக்குள்ள கொண்டு வாங்க. கோவலன் கூத்து ஒரு வாரம்னா எங்க மலையகத்துக் காமன் கூத்தும் ஒரு வாரம், அதே மரியாதையோட, பரீட்சைல கேள்வியோட. மாசி மாசம் அமாவாச கழிஞ்சு காமன் கம்பத்த ஊனி, பௌர்ணமி வரைக்கும் நடக்கும், ஊர் முழுக்கவே மேடை, யாரு பாக்குறாங்க யாரு ஆடுறாங்கன்னு பிரிக்கவே முடியாது. அரங்கியல் படிக்கிறவங்களுக்கு அத விட வேற என்ன வேணும். தப்பு அடிக்கிற பெரியவர் ஒருத்தர ஆசிரியராக் கூப்புடுங்க, நாற்காலி போட்டு, காசு குடுத்து. எங்க பிள்ளைங்கள அப்புறம் விட்டுருங்க, அதுங்களாப் பேசும். பேசலன்னாலும் பரவால்ல.

பைல்கட்டு:

நிர்வாகப் பக்கத்தில வேலை செய்யிற ஆள் நான், அதால காசைப் பற்றி மட்டும்.

அண்ணாவியாரை வருகை விரிவுரையாளர் எண்டு போட்டியள் எண்டா கோப்பு நிக்கும், பட்டம் என்ன எண்டு கேப்பினம், எங்கட இடத்தில அப்பிடி ஒருக்கா ஆறு மாதம் நிண்டது. 70 வயசு மனிசன் மூண்டு தரம் வந்து கையெழுத்து வைச்சுப்போட்டுப் பேந்து வரவேயில்ல. வளவாளர் (செயலமர்வு நடத்த வாற துறை தெரிஞ்ச ஆள்) எண்டு போடுங்கோ, செயலமர்வுக் கட்டணம், போக்குவரத்து, சாப்பாடு எண்டு தனித்தனியா. எழுதேக்க எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் எண்டு தெளிவாப் போடுங்கோ. முதலே பகுதித் தலைவரோட கதைச்சு அந்தந்த இடத்தின்ர விதியையும் பாருங்கோ, எல்லா இடமும் ஒண்டில்ல.

சாமான் வாங்கினா மூண்டு விலைமனு எடுக்கச் சொல்லுவினம். மத்தளத்துக்கு மூண்டு விலைமனு ஆர் தருவினம் எண்டு நீங்களே யோசியுங்கோ.

சட்டம் ஆராவது கேட்டா, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைந்தவையின்ர உரிமைகள் பற்றியது, கல்வி நிறுவனத்தில அனுமதிக்கிறதில பாகுபாடு காட்டேலாது எண்டு 23ஆம் பிரிவு சொல்லுது, பொதுக் கட்டடத்துக்குள்ள போய்வாறதுக்கும் சொல்லுது. அவையின்ர உரிமைகள் பற்றின ஐநா சமவாயத்தையும் இலங்கை 2016ல ஏற்றுக்கொண்டிட்டுது. இதுகளைத் திட்டத்தின்ர முதல் பக்கத்தில ரெண்டு வரியில போட்டா ஆரும் "இது தேவையோ" எண்டு கேக்கமாட்டினம். உள்ள விட்டாப் பிறகு எப்பிடிப் புள்ளி போடுறது எண்டு அந்தச் சட்டத்தில தேடாதேங்கோ, அது உங்கட பாடு.

பனங்கொட்டை:

தடவிப்பாத்தவன் தம்பி, நீர் சொன்னது விளங்குது. குதிச்சா 35 எண்டது என்னையே சொன்ன மாதிரி இருக்கு, நான் அப்பிடித்தான் எடுத்தனான். ஆனா ஒண்டு, மாத்துற புள்ளித்திட்டத்தை செமஸ்டர் தொடங்க முன்னமே பிள்ளையளுக்கு எழுத்தில குடுக்கவேணும் மிஸ், இடையில மாத்தினா யூனியன் வந்து நிக்கும்.

கனகராயன்கரை:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா. ராத்திரி பஸ்ஸில வரேக்க வாசிச்சு முறிகண்டியில இறங்கிக் கச்சான் வாங்கவும் மறந்துபோனன்.

ஏட்டுக்காரன் சேர், கோவிக்கேல்ல. ஓம், நோட்ஸ் பாமினிதான், அதுவும் எனக்கு முதல் படிப்பிச்சவரிட்ட வாங்கினது, நான் திறந்து முழுக்க வாசிச்சது கூட இல்ல. இண்டைக்கு அந்தப் பிள்ளையிட்ட நேர கேட்டன், நோட்ஸை எப்பிடி வாசிக்கிறனீங்கள் எண்டு. கூடப் படிக்கிற பிள்ளை ஒண்டு ஒவ்வொரு ராத்திரியும் வாசிச்சு வட்சப்பில வொய்ஸ் போடுதாம், ஒன்றரை வருசமா. எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின்ர நேரத்துக்கு ஆர் புள்ளி போட்டது.

பெடியனையும் கேட்டன். "மிஸ், சிந்துநடை வேண்டாம், எனக்கு அரசன் வரவு தாங்கோ, கால் கழண்டா நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டான். சேர் சொன்ன மாதிரியே.

இப்ப திட்டத்தில போட்டிருக்கிறது இவ்வளவுதான். முள்ளியவளையில இருந்து ஒரு அண்ணாவியார் பத்து நாள், தப்பு அடிக்கிற பெரியவர் நாலு நாள், மன்னார்ப் பக்கக் கத்தோலிக்கக் கூத்துத் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சா அவரும், ஏனெண்டா அங்க இருந்து வாற பிள்ளையளும் இருக்கினம். வளவாளர் கட்டணம். முத்தத்துக்கு மண் ரெண்டு லோட், கயிறு, ஒரு நல்ல றெக்கோடர். புள்ளித்திட்டம் தனித் தாள், அடுத்த செமஸ்டருக்கு எழுத்தில குடுக்கிறன். ஸ்மார்ட் போர்ட்டும் ஒரு வரி போட்டிருக்கு, அது இல்லாட்டி கூட்டத்தில கை தூக்கமாட்டினம், என்ன செய்யிறது.

ஒரு உதவி. எங்கட பகுதியில இருக்கிற மத்தளம் ஒரு பக்கம் கிழிஞ்சு அலுமாரிக்கு மேல கிடக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் தோல் மாத்தி வார் பிடிக்கிற ஆள் ஆரையும் தெரிஞ்சா சொல்லுங்கோ. விலைமனு கேக்கமாட்டன்.

ஏட்டுக்காரன்:

இருக்கிறார். தனி மெசேஜில போடுறன். மத்தளத்தைப் பஸ்ஸில கொண்டு வரேக்க மடியில வையும், மேல கரியரில போட்டிராதேயும்.