டாக்டர் பச்சை காட்டினால் போதுமா?

கிரேடில்பித்தன்:
ஒரு புதியவர் கேட்ட கேள்விக்கு இங்கே கொடுத்த பதிலைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மொபைல் ஆப் எழுதும் ஃப்ளட்டரில் செய்த பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்திருக்கிறார். ஒரு வரிகூட மாற்றவில்லை. பில்ட் (கோடை ஆப் ஆக்கும் வேலை) ஆகாமல் ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று வருகிறது. கணினியில் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளைக்கு ஃப்ளட்டர் டாக்டர் என்று பெயர். அவருக்குக் கிடைத்த பதில்: “ஃப்ளட்டர் டாக்டர் ஓட்டுங்கள். எல்லாம் பச்சை என்றால் சூழலில் குறையே இல்லை, பிழை உங்கள் கோடில்தான்.” 65 என்றால் ஜாவா 21. ஆண்ட்ராய்ட் பில்டை நடத்தும் கருவி கிரேடில். அந்தப் புராஜெக்டில் இருப்பது கிரேடில் 7.6, அது ஜாவா 19 வரைக்கும்தான் ஓடும். 21-இல் ஓட கிரேடில் 8.5 வேண்டும். கோடில் என்ன பிழை இருக்கிறது? டாக்டர் இதைப் பார்ப்பதே இல்லை.

பச்சைக்குறி:
அந்தப் பதில் என்னுடையது. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். டாக்டர் ஜாவாவைப் பார்க்கும். விரிவாகக் காட்டச் சொல்லும் மைனஸ் வியைச் சேர்த்து ஓட்டுங்கள், ஆண்ட்ராய்ட் டூல்செயின் பகுதியில் ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று இரண்டும் வரும். ஓட்டிப் பார்க்காமல் எழுத வேண்டாம்.

கிரேடில்பித்தன்:
ஓட்டாமல் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. பதிப்பு எண்ணை அச்சிடும், அவ்வளவுதான். எந்த கிரேடில் பதிப்பு என்று புராஜெக்டுக்குள் எழுதி வைத்திருக்கும் ரேப்பர் ஃபைலைத் திறந்து, இந்த ஜாவா அதற்குப் பொருந்துமா என்று பார்க்காது. எடை மெஷினில் ஏறினால் எண் வரும், அதை வைத்து உடம்பில் நோயே இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுப்பீர்களா?

சுத்தம்செய்:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ஃப்ளட்டர் கிளீன் போட்டுப் பழைய பில்டை அழியுங்கள், பப் கெட் போட்டு பேக்கேஜ்களைத் திரும்ப எடுங்கள். எனக்கு எப்போதும் சரியாகிவிடும்.

கிரேடில்பித்தன்:
வந்துவிட்டார். எந்த நோய்க்கும் ஒரே கஷாயம். கிளீன் அழிப்பது பில்ட் ஃபோல்டரையும் டார்ட் டூல் ஃபோல்டரையும் போன்ற தற்காலிகச் சரக்கைத்தான். ரேப்பர் ஃபைலில் 7.6 என்று இருந்தால் கிளீனுக்குப் பிறகும் 7.6தான். போன தடவை ஆண்ட்ராய்ட் கருவித் தொகுப்பான எஸ்டிகேயின் லைசென்ஸை ஏற்காமல் மாட்டிக்கொண்ட ஒருவருக்கும் இதையேதான் சொன்னீர்கள். ‘ஆண்ட்ராய்ட் லைசென்ஸஸ்’ கட்டளையை ஓட்டி ஒய் அழுத்த வேண்டிய இடத்தில் அவர் கிளீன் போட்டுக்கொண்டிருந்தார்.

சுத்தம்செய்:
பழசைத் தோண்ட வேண்டாம். உதவ வந்தவனை அவமானப்படுத்துவதே உங்களுக்கு வேலை.

பச்சைக்குறி:
பேச்சை மாற்றாதீர்கள். டாக்டர் ஜாவாவைப் பார்க்கிறதா இல்லையா? பார்க்கிறது. பாதையும் பதிப்பும் காட்டுகிறது. கமாண்ட் லைன் டூல்ஸ் இல்லையென்றால் சொல்கிறது. எஸ்டிகே இருக்கும் பாதையில் இடைவெளி இருந்தால், சி, சி++ கோடுக்கான என்டிகேயில் சிக்கல் வரும் என்று எச்சரிக்கிறது. இதற்கு மேல் ஒரு கருவி என்ன செய்ய வேண்டும்?

நேட்டிவ்வாசி:
ஆப் எழுதும் இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவ் பக்கம் வாருங்கள். எங்கள் டாக்டர் குறையைச் சொல்லிவிட்டு, எஃப் அழுத்தினால் தன்னால் முடிந்ததைச் சரிசெய்யவும் பார்க்கும். ரியாக்ட் நேட்டிவ் மேல் கட்டிய எக்ஸ்போவின் டாக்டர் இன்னும் ஒரு படி மேல், புராஜெக்டின் பேக்கேஜ் பதிப்புகள் எக்ஸ்போ எஸ்டிகேவுக்குப் பொருந்துகின்றனவா என்றே பார்க்கும்.

கிரேடில்பித்தன்:
யார் கேட்டார்கள்? ஒவ்வொரு திரியிலும் ஆள் பிடிக்க வருகிறீர்கள். ஆண்ட்ராய்டுக்கு பில்ட் செய்யும்போது உங்களுக்கும் அடியில் கிரேடில்தான், இதே 65 உங்களுக்கும் வரும்.

நேட்டிவ்வாசி:
நீங்கள் சொன்னதற்கு ஆதரவாகத்தான் எழுதினேன். புராஜெக்டைப் பார்க்கிற டாக்டர் உலகத்தில் உண்டு என்றேன். அதற்கும் கோபமா?

விண்டோஸ்மேசை:
பச்சையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். சிவப்பு மட்டும் நம்பும்படியாகவா இருக்கிறது? விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ இல்லை என்று சிவப்புப் பெருக்கல் குறி போடும். ஆண்ட்ராய்ட் ஆப் மட்டும் எழுதுகிறவருக்கு அது தேவையே இல்லை. அதைப் பார்த்துப் பயந்து பல ஜிபி இறக்கி உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சைக்குறி:
‘விண்டோஸ் ஆப் எழுதுவதற்கு’ என்று அந்த வரியிலேயே இருக்கிறது. படிக்காமல் இறக்கினால் டாக்டரா பொறுப்பு?

விண்டோஸ்மேசை:
முதல் நாள் கற்கிறவரிடம் சிவப்பைக் காட்டிவிட்டு, படித்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? விஷுவல் ஸ்டுடியோ வேறு, கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் வேறு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

கிரேடில்பித்தன்:
அதைத் தனித் திரியில் பேசுங்கள். இங்கே ஜாவா. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அந்தப் புதியவர் டெர்மினலில் ஜாவா மைனஸ் வெர்ஷன் அடித்துப் பார்த்து, 17 என்று வந்ததை ஒட்டியிருக்கிறார். ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறியும் 17ஐத்தான் காட்டுகிறது. ஆனால் ஃப்ளட்டர் அதை முதலில் தேடாது. ஜேடிகே, அதாவது ஜாவா தொகுப்பு, எந்த ஃபோல்டரில் என்று ஜேடிகே டிர் அமைப்பில் நாமே சொல்லியிருந்தால் அது, இல்லையென்றால் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவோடு வரும் ஜாவா, அப்புறம்தான் ஜாவா ஹோம். ஸ்டுடியோவின் லேடிபக் பதிப்போடு வருவது 21. ஸ்டுடியோவைப் புதுப்பித்த அன்றே ஃப்ளட்டர் 21க்குப் போய்விடும். டெர்மினலில் 17, பில்டில் 21. டாக்டர் இரண்டுக்கும் சேர்த்துப் பச்சை.

பச்சைக்குறி:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். ‘இது ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவோடு வந்த ஜேடிகே’ என்று டாக்டர்தான் மைனஸ் வியில் எழுதிக் காட்டுகிறது. மாற்ற என்ன கட்டளை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. பார்க்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

கிரேடில்பித்தன்:
ஒத்துக்கொள்ளவில்லை. அச்சிடுகிறது என்று முதலிலிருந்தே சொல்கிறேன். பொருத்தம் பார்க்காது.

கட்டளைவரி:
பொருத்தம் பார்க்கவும் வழி இருக்கிறது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று ஃப்ளட்டர் அனலைஸுடன் சஜஷன்ஸ் என்ற தேர்வைச் சேர்த்து ஓட்டினால் ஜாவா, கிரேடில், கிரேடிலோடு சேர்ந்து ஆண்ட்ராய்ட் ஆப்பைக் கட்டும் ஆண்ட்ராய்ட் கிரேடில் பிளகின் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும். பில்ட் தோற்கும்போதும் ‘உங்கள் கிரேடில் பதிப்பு இந்த ஜாவாவோடு ஒத்துப்போகாது’ என்று ஃப்ளட்டரே கட்டம் கட்டிக் காட்டும். யாரும் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை.

பச்சைக்குறி:
அப்படியென்றால் ஃப்ளட்டரே பார்க்கிறது. முடிந்தது வழக்கு.

கிரேடில்பித்தன்:
அனலைஸ் டாக்டர் இல்லை! நீங்கள் அவரிடம் அனலைஸ் ஓட்டச் சொன்னீர்களா? டாக்டர் பச்சை, பிழை உன் கோடில் என்றீர்கள். அந்த வரி அழியாமல் அப்படியே நிற்கிறது.

கட்டளைவரி:
இரண்டு பேருக்கும் பதில் கொடுத்தேன். அதையும் சண்டைக்கு எடுத்துக்கொண்டீர்கள்.

சுத்தம்செய்:
கிரேடில்பித்தன் எழுதும் திரி எல்லாம் இப்படித்தான் போகும்.

கிரேடில்பித்தன்:
புதியவருக்குச் சொல்கிறேன், மற்றவர்கள் ஒதுங்குங்கள். ஜாவா 17ஐ இறக்கி வைத்து, ஃப்ளட்டர் கான்ஃபிக்கில் ஜேடிகே டிர் அந்த ஃபோல்டரைக் காட்டட்டும். அந்த 65 போக அது போதும். ஜாவா 21தான் வேண்டும் என்றால் ரேப்பரை 8.5க்கு ஏற்றினால் மட்டும் போதாது, ஆண்ட்ராய்ட் கிரேடில் பிளகினும் 8.2.1க்காவது வர வேண்டும். இல்லாவிட்டால் 65 போய் ஜேலிங்க் என்ற ஜாவா கருவியின் பிழை வந்து நிற்கும். அதற்கும் டாக்டர் பச்சைதான் காட்டும்.

மேக்வாசி:
ஐபோன் ஆப் செய்யும் எக்ஸ்கோட் பக்கமும் இதே கதைதான். பேக்கேஜ்களைக் கொண்டுவரும் கோகோபாட்ஸுக்கு டாக்டரில் பச்சை என்று வரும், பாட் இன்ஸ்டால் போட்டால் விழும்.

பச்சைக்குறி:
அந்த பேக்கேஜ்களின் பட்டியலான பாட்ஃபைலில் பிழை இருந்தால் விழத்தான் செய்யும். அதற்கும் டாக்டரைத் திட்டுங்கள். ஜாவா பதிப்பு மைனஸ் வியில் வருகிறதா இல்லையா? ஆம், இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள் கிரேடில்பித்தன்.

கிரேடில்பித்தன்:
ரேப்பர் ஃபைலை டாக்டர் திறக்கிறதா இல்லையா? நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

மேக்வாசி:
பாட்ஃபைலில் பிழை என்று பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?