இரண்டு அறைக் கண்காட்சி: போன இடங்களில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சின்னக் கண்காட்சிதான். இரண்டு அறை, நடுவில் ஒரு நடைவழி. பழைய கருவிகள், கடிதங்கள், துணிகள். அமைக்கும் குழுவில் நானும் ஒருத்தி. மாற்றுத்திறனாளிகள் சிரமமில்லாமல் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பேச்சு சாய்தளத்தோடு நின்றுவிடுகிறது. அதுவும் லேசில்லை. வாசலில் ஒரே ஒரு படி, 15 செ.மீ. உயரம். 1:12 கணக்குப்படி, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், அதற்கே 180 செ.மீ. நீளச் சரிவு வேண்டும். "ஒரு பலகையைப் போட்டால் போச்சு" என்றவர்கள் டேப்பை நீட்டிப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்கள். சரி, படியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு? எது உதவியது, எது எரிச்சலைக் கிளப்பியது? நாசூக்கெல்லாம் வேண்டாம்.

*

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். ஒரு இடத்தில் சாய்தளம் அருமையாக இருந்தது, கட்டடத்தின் பின்பக்கம். அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஒருவழியாக உள்ளே போனால் மேசை மாதிரித் தட்டையான கண்ணாடிப் பெட்டிகள். நிற்பவர் குனிந்து பார்க்கத் தோதான உயரம். உட்கார்ந்திருப்பவன் கண் தரையிலிருந்து சுமார் 110, 120 செ.மீ.யில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது கண்ணாடி விளிம்பும் அதில் பளபளத்த டியூப்லைட்டும்தான். உள்ளே நாணயங்கள் இருந்ததாம், கூட வந்தவர் சொன்னார்.

பெட்டியைத் தாழ்த்துங்கள், பொருளைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரத்துக்காவது வெற்றிடம் விடுங்கள். பலகை அடித்து மூடிவிட்டால் பக்கவாட்டில் நிறுத்திக் கழுத்தை ஒடித்துத்தான் பார்க்க வேண்டும். நாற்காலி முழுசாகத் திரும்ப 150 செ.மீ. அகலம் தேவை. அந்த இடத்தில் பூச்சட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து. அப்புறம், உதவுகிறேன் என்று கேட்காமலே பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு யாராவது சொல்லிவையுங்கள்.

*

பிறவியிலேயே பார்வை இல்லாதவள் நான். ஒரு கண்காட்சியில் "பிரெய்ல் வசதி உண்டு" என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். சுவரில் தோளுயரத்தில் ஒட்டியிருந்தது. மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு படித்தேன். "பொருட்களைத் தொடாதீர்கள்" என்று இருந்தது. அதைத் தவிர பிரெய்லில் வேறு எதுவுமே இல்லை!

தொட்டுப் பார்க்கக் கொடுப்பது நடக்காத காரியமில்லை. ஏதென்ஸில் 1984 முதல் தொடு அருங்காட்சியகம் இருக்கிறது. சிலைகளின் நகல்களைக் கையால் தடவிப் பார்க்கலாம். மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் சில ஓவியங்களையே மேடு பள்ளமாக அச்சிட்டுத் தொட வைத்தது. அவ்வளவு செலவு சின்ன இடத்துக்குக் கட்டாது. ஆனால் கருவி என்றால், புழக்கத்தில் இருக்கும் அதே மாதிரியான ஒன்றைத் தேடி வாங்கி மேசையில் வைக்கலாமே. தொடும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து "இடது கை இருக்கும் இடம் கைப்பிடி, அங்கிருந்து கீழே வந்தால் கருவியின் பல்" என்று சொன்னால்தான் உருவம் கூடும். கையில் திணித்துவிட்டு நகர்ந்தால் அது வெறும் இரும்புத் துண்டு. பிரெய்லைச் சுவரில் ஒட்டாமல் இடுப்புயரத்தில் சரிவான பலகையில் வையுங்கள். பிரெய்ல் தெரியாத பார்வையற்றவர்களும் நிறையப் பேர், அதனால் ஆடியோவும் வேண்டும்.

*

எனக்குப் பார்வை இருக்கிறது, மங்கல். கடிதம், துணியெல்லாம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்று வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு), அதாவது மங்கலாக வைக்கிறார்கள். அது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேபிளையும் அதே இருட்டில், சாம்பல் அட்டையில் வெள்ளை எழுத்தாக ஏன் அச்சிடுகிறீர்கள்? கறுப்பு வெள்ளையாக, 18 பாயிண்டுக்குக் குறையாமல் போடுங்கள். அதே வாசகங்களைப் பெரிய எழுத்தில் ஒரு கையேடாக்கி வாசலில் கொடுத்தால் வெளிச்சமான மூலைக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருவேன். க்யூஆர் கோடு மட்டும் போதாது. அது சுவரில் எங்கே இருக்கிறது என்று முதலில் நான் கண்டுபிடிக்க வேண்டுமே.

*

என் பையனுக்கு ஆட்டிசம். கண்காட்சியில் எல்லாம் நன்றாகத்தான் போனது, கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் அலறும் வரை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் எழவில்லை. வெளியே தூக்கி வந்து, அமைதியான பிறகு திரும்ப உள்ளே போகப் பார்த்தால், ஒருமுறை வெளியேறினால் வேறு டிக்கெட் எடுக்க வேண்டுமாம்.

இன்னொரு இடத்தில் முன்கூட்டியே படங்களோடு நாலு பக்கம் அனுப்பியிருந்தார்கள். இதுதான் வாசல், இந்த நிறச் சட்டை போட்டவர் டிக்கெட் கேட்பார், இந்த அறையில் மணிச் சத்தம் வரும், பிடிக்காவிட்டால் இந்தக் கதவு வழியாக வெளியே போகலாம். இரவெல்லாம் அதையே புரட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் எனக்கு அவன்தான் வழிகாட்டி. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே பொது நேரத்துக்கு முன்னால் திறந்து விடுகிறார்கள். இரண்டே அறை என்றால் உங்களால் இன்னும் சுலபமாக முடியும். அந்த ஒரு மணி நேரம் வீடியோச் சத்தத்தைக் குறையுங்கள், மெஷினை அணைத்துவிட்டுக் காகிதத் துண்டு வையுங்கள். "ஏன் இவன் இப்படிப் பண்றான்?" என்று கேட்காத ஆளை வாசலில் நிறுத்துங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிசு.

*

ஏடிஹெச்டி உள்ளவன், அதாவது கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது எனக்குச் சிரமம். நீளமான லேபிளில் முதல் வரியிலேயே சாரத்தைச் சொல்லிவிடுங்கள். அம்புக்குறி காட்டிய வரிசையில்தான் போக வேண்டும் என்று விரட்டாதீர்கள். அவ்வளவுதான்.

*

நான் காது கேளாதவர்களுக்குச் சைகைமொழிபெயர்ப்பு செய்கிறவள். வழிகாட்டிகளில் பலர் பொருளைக் காட்டிக்கொண்டே பேசுவார்கள். என் குழுவில் உள்ளவர்களுக்கு என் கையைப் பார்ப்பதா, பெட்டியைப் பார்ப்பதா? நான் முடித்து அவர்கள் திரும்பும்போது வழிகாட்டி அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார். முதலில் பேசுங்கள், நிறுத்துங்கள், பார்க்க விடுங்கள், பிறகு நகருங்கள். படம் போடும்போது விளக்கை முழுக்க அணைத்தால் நானும் இருட்டில் மறைந்துவிடுவேன்; என் மேல் ஒரு சின்ன விளக்கு போதும். எழுதி வைத்திருக்கிறோமே, படித்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். சைகைமொழியிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துமொழி இரண்டாவது மொழி. சைகைமொழி வீடியோ ஒன்றாவது வையுங்கள்.

*

என்னைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மூட்டுவலி, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. ஒரு கண்காட்சியில் பழங்கால நாற்காலிகள் வரிசையாக இருந்தன, கயிறு கட்டி. உட்கார ஒன்றுகூட இல்லை. காவலாளியின் நாற்காலியைக் கேட்டதற்கு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறைக்கு இரண்டு இருக்கை போடுங்கள், முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ளதாக. கைப்பிடி இல்லையென்றால் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. அவை எங்கே இருக்கின்றன என்று வாசலில் வைக்கும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.