மதர்போர்டு மாற்றிய பின் இணையம் வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது

அழைப்பிதழ்க்கடை (கும்பகோணம்):
வணக்கம். திருமண அழைப்பிதழ், குடமுழுக்குப் பத்திரிகை வடிவமைக்கும் சின்னக் கடை என்னுடையது. இடி விழுந்த இரவில் முதன்மைக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. பழுது பார்ப்பவர் புதிய போர்டு போட்டு, பழைய டிஸ்க்கையே மாட்டிக் கொடுத்தார். விண்டோஸ் 10 முனகாமல் எழுந்தது. கோரல்டிரா, எழுத்துருக்கள் எல்லாம் பத்திரம். இணையம் மட்டும் இல்லை.

கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. ரியல்டெக் டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதே ரவுட்டரில் மற்ற இரண்டு கணினிகள் ஜோராக ஓடுகின்றன. போர்டு போட்டவர் லைனைக் குறை சொல்கிறார், லைன்காரர் போர்டைக் குறை சொல்கிறார். வைகாசி முகூர்த்த வேலை கழுத்தை நெரிக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மின்னல்வெட்டு:
இடி என்கிறீர்கள். ரவுட்டரில் அந்தக் கேபிள் செருகியிருந்த துளையே வெந்திருக்கலாம். விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். ஓடுகிற கணினியின் கேபிளைப் பிடுங்கி இதில் செருகிப் பாருங்கள்.

அழைப்பிதழ்க்கடை:
செருகிப் பார்த்தேன் ஐயா, மாற்றமில்லை. இந்தக் கேபிளை அடுத்த கணினியில் செருகினால் அங்கே இணையம் வருகிறது.

பழைய_வயர்மேன்:
அப்படியானால் கேபிளும் ரவுட்டரும் குற்றமற்றவை. டிரைவரையும் விட்டுவிடுங்கள். முகவரி என்று ஒன்று காட்டுகிறதே, டிரைவர் வேலை செய்வதால்தான் காட்டுகிறது.

169.254 என்பது விண்டோஸ் தானாகவே சூட்டிக்கொள்ளும் முகவரி. "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாதபோதுதான் அது வரும். முகவரி தரும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். உங்கள் ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைக்கு வலைப்பின்னல் போட்டவர் ஒவ்வொரு கணினிக்கும் கையால் முகவரி எழுதிப் போயிருப்பார். பிரிண்டர் எப்போதும் ஒரே இடத்தில் அகப்பட வேண்டும் என்று பல அச்சகங்களில் இப்படிச் செய்வது வழக்கம். அந்த அமைப்பு கணினிக்கு உரியதல்ல, போர்டிலேயே கேபிள் செருகும் பகுதியான நெட்வொர்க் அட்டைக்கு உரியது. பழைய அட்டை போர்டோடு போய்விட்டது. புதிய அட்டைக்கு எதுவும் தெரியாது.

ஓடுகிற கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளை கொடுங்கள். அங்கே தெரியும் ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய அட்டையின் ஐபிவி4 பண்புகளில் மாஸ்க்கையும் கேட்வேயையும் அப்படியே எழுதுங்கள். ஐபியில் கடைசி எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும், பிரிண்டருக்கும் மற்றக் கணினிகளுக்கும் கொடுத்திராத எண்ணாக. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் 8.8.8.8 போடலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் ரவுட்டரில் மேக் வடிகட்டி, அதாவது பதிந்து வைத்த அட்டைகளை மட்டும் உள்ளே விடும் அமைப்பு, இருக்கிறதா என்று பார்ப்போம். போர்டு மாறினால் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியும் மாறிவிடும்.

அழைப்பிதழ்க்கடை:
மற்றவை 192.168.1.11, 192.168.1.12. பிரிண்டர் 20. இந்தக் கணினியின் பழைய எண் 10 என்று பில் புத்தகத்தின் அட்டையில் என் தம்பி எழுதி வைத்திருக்கிறான். அதைப் போட்டால், இந்த முகவரி இப்போது கணினியில் இல்லாத வேறோர் அட்டைக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது, அதை நீக்கவா என்று ஒரு பெட்டி கேட்கிறது. ஆம் சொல்லலாமா? பயமாக இருக்கிறது.

பழைய_வயர்மேன்:
தாராளமாக ஆம் சொல்லுங்கள். செத்துப்போன அட்டையின் பெயரில் விண்டோஸின் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்பு அது. உங்கள் கோப்புகளை அது தொடாது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னால் அந்த அட்டை மங்கலாகத் தெரியும். வேண்டுமானால் அங்கேயும் அழித்துவிடலாம்.

அழைப்பிதழ்க்கடை:
வந்துவிட்டது! அச்சும் போகிறது. மிக்க நன்றி ஐயா. இன்னும் ஒன்று மட்டும். மற்ற இரண்டு கணினிகளிலிருந்து இதிலுள்ள 'அழைப்பிதழ்கள்' ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. முன்பு திறந்தது.

மின்னல்வெட்டு:
புதிய அட்டை என்பதால் விண்டோஸ் இதைப் புதிய வலைப்பின்னலாக எண்ணி 'பப்ளிக்' என்று வைத்திருக்கும். அந்த நிலையில் விண்டோஸின் காவல் மென்பொருளான ஃபயர்வால் பகிர்வை மறித்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டைச் சொடுக்கி 'பிரைவேட்' ஆக்குங்கள். அங்கே இருக்கும்போதே கணினியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். புதிய போர்டில் தேதி தவறாக இருந்தால் வங்கித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும்.