ஹெல்ப் டெஸ்க்கில இருந்து சிஸ்டம் அட்மின் ஆகிறது எப்பிடி? வீட்டு லெப்பும் வேலை செய்யுதில்லை, உதவி தேவை

கோண்டாவில்_பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள ஒரு கொம்பனியில ஐடி ஹெல்ப் டெஸ்க்கில நிக்கிறன், ரெண்டு வருசம் தாண்டீட்டுது. பாஸ்வேர்ட் ரீசெட், பிரிண்டர் பேப்பர் இழுக்குதில்லை, அவுட்லுக் திறக்குதில்லை, விடிஞ்சாப் பொழுதுபட்டா இதுதான். சேர்வர் றூம் கதவு என்ர மேசைக்கு நேர இருக்கு, ஆனா உள்ளுக்க எனக்கு வேலையில்லை, எல்லாத்தையும் கொழும்பில இருக்கிற சீனியர் அண்ணைதான் ரிமோட்டில பார்க்கிறவர். ஜூனியர் சிஸ்டம் அட்மின் ஆகோணும் எண்டு ஆசை, எங்க தொடங்கிறது எண்டுதான் விளங்குதில்லை. இஞ்ச ஒரு இன்ஸ்ரிரியூட்டில எம்சிஎஸ்ஏ (மைக்ரோசொப்டின்ர சேர்டிபிகேட்) கோர்ஸ் எண்டு போர்ட் போட்டிருக்கினம், நல்ல காசும் கேக்கினம், சேரலாமோ? வீட்டில எண்டால் கொழும்புக்குப் போ எண்டு நிக்கினம்.

மற்றது, பழகிப் பார்க்க ஒரு லெப் எண்டு வீட்டு லப்டொப்பில (8 ஜிபி ராம்) வேர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு மெஷினுக்குள்ள வேற மெஷின்களை ஓட்டுற மென்பொருள்) போட்டு விண்டோஸ் சேர்வர் ஒண்டும் கிளையன்ட் ஒண்டும் (ஆக்கள் பாவிக்கிற சாதாரண விண்டோஸ்) ஏத்தி அக்டிவ் டிரெக்டரியும் (எல்லாற்ற அக்கவுண்டையும் மெஷினையும் ஒரே இடத்தில வைச்சுப் பார்க்கிற மைக்ரோசொப்ட் அமைப்பு) போட்டாச்சு. கிளையன்ட்டை டொமைனில (அந்த அமைப்புக்குக் கீழ வாற மெஷின் கூட்டம்) சேர்க்கப் போனா டொமைன் கொன்ட்ரோலரைத் (அதை நடத்திற சேர்வர்) தொடர்புகொள்ள ஏலாது எண்டு எரர் வருது. பயர்வோலை ஓவ் பண்ணியும் பார்த்தன், ஒண்டும் மாறேல்லை.

நல்லூர்_சேர்வர்காரன்:
தம்பி, மற்றக் கதையைப் பிறகு பார்ப்பம், முதல் லெப்பை எழுப்புவம். ரெண்டு மெஷினிலயும் ஐபிகொன்பிக் எண்ட கட்டளையை அடிச்சு என்ன ஐபி (நெட்வேர்க்கில மெஷினின்ர நம்பர்) வருது எண்டு போடும். பயர்வோலைத் திரும்ப ஓன் பண்ணும், அதில பிழை இராது.

கோண்டாவில்_பொடியன்:
அண்ணை, ரெண்டிலயும் 10.0.2.15 எண்டுதான் காட்டுது. ஒரே நம்பர் எப்பிடி ரெண்டுக்கும் வரும்?

நல்லூர்_சேர்வர்காரன்:
அதேதான் கோளாறு. வேர்ச்சுவல்பொக்ஸ் ஒண்டும் மாத்தாமல் விட்டா நெட்வேர்க்கை நட் (NAT) எண்டதில வைக்கும், அதில ஒவ்வொரு மெஷினும் தனித்தனி அறைக்குள்ள பூட்டி வைச்ச மாதிரி, எல்லாத்துக்கும் 10.0.2.15 தான் குடுக்கும், இண்டர்நெட்டுக்குப் போகலாம், பக்கத்து மெஷினைப் பார்க்கேலாது. ரெண்டையும் நிப்பாட்டிப்போட்டு நட் நெட்வேர்க் எண்டு ஒண்டு உருவாக்கி ரெண்டையும் அதில மாத்தும், பேர் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு, மாறிப் போடாதேயும்.

பேந்து சேர்வருக்கு மாறாத ஐபி ஒண்டு குடுத்து, கிளையன்ட்டில டிஎன்எஸ் (பேரைக் கேட்டா ஐபியைச் சொல்லுற சேர்வர்) எண்ட இடத்தில அந்த சேர்வரின்ர ஐபியை மட்டும் போடும். ரெண்டாவது டிஎன்எஸ் எண்டு கூகிளின்ர 8.8.8.8 ஐப் போட வேண்டாம். டொமைன் கொன்ட்ரோலர் எங்க இருக்கு எண்டு கிளையன்ட் டிஎன்எஸ்ஸிட்டத்தான் கேக்கும், உம்மட வீட்டு லெப்பைப் பற்றிக் கூகிளுக்கு என்ன தெரியும்? இன்னொண்டு, கிளையன்ட் ஹோம் எடிசன் எண்டால் தலைகீழா நிண்டாலும் டொமைனில சேராது.

ராம் காணாட்டி கிளையன்ட்டுக்குப் பதிலா இன்னொரு விண்டோஸ் சேர்வரையே ஏத்தி மெம்பராச் சேரும், 180 நாள் இவாலுவேசன் கொப்பி மைக்ரோசொப்ட் தளத்திலயே சும்மா கிடைக்குது.

பருத்தித்துறை_அக்கா:
தம்பி, அந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டிப் போடாதேயும்!! எம்சிஎஸ்ஏ 2021 ஜனவரி 31ஓட மைக்ரோசொப்டே நிப்பாட்டின சேர்டிபிகேட். படிப்பிக்கிற விசயத்தில பாதி இப்பவும் உதவும், ஆனா அந்தப் பேரில பரீட்சை எழுதேலாது, அதைப் போர்ட்டில போட்டுக் காசு வாங்கிறது எனக்கு எண்டால் சரியாப் படேல்லை. இப்ப அந்தப் பக்கம் எழுதிறதெண்டால் ஏஇசட்-104 பரீட்சை, அது முழுக்க அசூர் (மைக்ரோசொப்டின்ர கிளவுட்). நெட்வேர்க் அடித்தளம் பலவீனம் எண்டு உமக்கே தெரிஞ்சா முதல் சிசிஎன்ஏ (சிஸ்கோவின்ர நெட்வேர்க் சேர்டிபிகேட்) பாடத்தைப் படியும், பரீட்சை எழுதாட்டியும் பரவாயில்லை. ஐபி ஏன் ரெண்டும் ஒண்டா இருக்கு எண்டு கேட்டீரே, அதுக்கு மறுமொழி அதுக்குள்ளதான் இருக்கு.

ஆனா என்னைக் கேட்டா சேர்டிபிகேட்டை விடப் பெரிய வழி உம்மட மேசையிலயே கிடக்கு. ஹெல்ப் டெஸ்க்கில ரிக்கெட்டை (ஆக்கள் பதியிற முறைப்பாடு) மூடினாச் சரி, அட்மினுக்கு அந்த ரிக்கெட் ஏன் திரும்பத் திரும்ப வருது எண்டு தெரியோணும். ஒரு மாத ரிக்கெட்டை எக்செல்லில இறக்கிப் பாரும், ஒரே ஆள், ஒரே பிரிண்டர், ஒரே திங்கக்கிழமை எண்டு ஏதாவது கண்ணில படும். அதுக்குக் காரணத்தைத் தேடி, திருத்தத்தை எழுதி அந்த சீனியர் அண்ணைக்கு அனுப்பும். டொமைன் அட்மின் உரிமை தாங்கோ எண்டு கேட்டா ஒருத்தரும் தராயினம், தரவும் கூடாது. சேர்வரில ஈவன்ட் லொக் (log, நடந்ததெல்லாம் பதியிற குறிப்பு) வாசிக்கிற அனுமதி மட்டும் கேளும், ஈவன்ட் லொக் ரீடர்ஸ் எண்டு தனிக் குறூப்பே இருக்கு, அதால ஒண்டையும் உடைக்கேலாது, அவருக்கும் பயமில்லை.

இன்னொண்டு, எங்கட ஊருக்கெண்டே உள்ள வேலை. கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கேக்க கொழும்பில இருக்கிறவரால அந்த றூமுக்குள்ள வரேலாது, நீர்தான் நிப்பீர். எந்த மெஷினை முதல் நிப்பாட்டிறது, கரண்ட் வந்தாப் பிறகு எதை முதல் ஏத்திறது எண்டு எங்கயாவது எழுதிக் கிடக்கோ? பெரும்பாலும் இராது. ஏத்தேக்க ஸ்விட்ச், ஸ்டோரேஜ், பேந்து டொமைன் கொன்ட்ரோலர், அதுக்குப் பிறகு டேட்டாபேஸ், கடைசியா அதை நம்பி ஓடுற அப்ளிகேசன். நிப்பாட்டேக்க தலைகீழா. உங்கட இடத்துக்கு ஏத்த மாதிரி இதை ஒரு பக்கத்தில எழுதி அவரிட்டக் குடுத்துத் திருத்துவியும், யூபிஎஸ் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் எண்டதையும் அதில போடும். அந்தத் தாள் எழுதினவரை சேர்வர் றூமுக்கு வெளிய கனநாள் வைச்சிருக்கேலாது.

யாழ்தேவி_பயணி:
நான் கொழும்பிலதான். போங்கோ எண்டுதான் சொல்லுவன், இஞ்ச வேலை கூட. வாடகையும் சாப்பாடும் போகக் கையில என்ன மிஞ்சும் எண்டதையும் கணக்குப் பார்த்துப்போட்டு வாங்கோ.

பருத்தித்துறை_அக்கா:
அனுபவம் இல்லாமல் போனா அங்கயும் ஹெல்ப் டெஸ்க்தான் தம்பி, ஏசி மட்டும் கூடக் குளிரும்.

லினக்ஸ்_மாமா:
எல்லாரும் விண்டோஸையே கதைக்கிறியள். வீட்டில இருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்யிற எண்ணம் இருந்தா லினக்ஸும் பழகும் தம்பி. றெட் ஹட் (லினக்ஸ் விக்கிற கொம்பனி) டெவலப்பர் கணக்கில 16 மெஷின் வரைக்கும் காசில்லை, அதை ஒத்த அல்மா, றொக்கி லினக்ஸ் ரெண்டும் முழுக்க இலவசம். சென்ட்ஓஎஸ் 7 (பழைய லினக்ஸ் ஒண்டு) பாடம் ஆராவது தந்தா வாங்காதேயும், அது 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது. ஆர்எச்சிஎஸ்ஏ (றெட் ஹட்டின்ர சேர்டிபிகேட்) பரீட்சையில புள்ளடி போடுற வேலையில்லை, மெஷினைத் தந்து செய் எண்டுவினம், அதால பாடமாக்கித் தப்பேலாது.

கோண்டாவில்_பொடியன்:
அண்ணை நட் நெட்வேர்க் மாத்தினன், டிஎன்எஸ்ஸும் மாத்தினன், டொமைனில சேர்ந்திட்டுது!! நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி ரிக்கெட்டை இறக்கிப் பார்த்தன், கணக்குப் பகுதி அக்கா ஒராளின்ர அக்கவுண்ட் பாஸ்வேர்ட் மாத்தின நாளில இருந்து திருப்பித் திருப்பி லொக் ஆகுது (பூட்டுப்படுது). நாங்கள் அன்லொக் பண்ணிப் பண்ணி விடுறம். இதுக்கு எங்க பார்க்கிறது?

நல்லூர்_சேர்வர்காரன்:
டொமைன் கொன்ட்ரோலரில செக்கியூரிட்டி லொக்கில (log) ஈவன்ட் 4740 ஐத் (அக்கவுண்ட் பூட்டுப்பட்ட பதிவு) தேடும், கோலர் கொம்பியூட்டர் நேம் எண்ட இடத்தில எந்த மெஷினால அக்கவுண்ட் பூட்டுப்படுது எண்டு பேர் நிக்கும். அந்த மெஷினுக்குப் போய் கிரடென்சல் மனேஜரில (விண்டோஸ் பாஸ்வேர்ட் சேர்த்து வைக்கிற இடம்) பழைய பாஸ்வேர்ட் கிடக்கோ, மப் பண்ணின டிரைவ் (டிரைவ் மாதிரி இணைச்ச சேர்வர் போல்டர்) ஏதும் இருக்கோ, ஷெடியூல் டாஸ்க் (குறிச்ச நேரத்தில தானா ஓடுற வேலை) ஒண்டு அவவின்ர பேரில ஓடுதோ எண்டு பாரும். பேர் வெறுமையா இருந்தா அல்லது மெயில் சேர்வரின்ர பேர் வந்தா அவவின்ர போனைக் கேட்டுப் பாரும், அதில ஒபிஸ் மெயில் பழைய பாஸ்வேர்ட்டோட இருக்கச் சான்ஸ் கூட. அனுமதி இல்லாட்டி சீனியரிட்ட அந்த ஒரு ஈவன்ட்டை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லும், என்ன வருது எண்டு இஞ்ச போடும்.