படப் பாடல்களை முழு ஆல்பமாகக் கேட்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

பட்டர்வொர்த்_தம்பி:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த் பையன், படிவம் 6 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறேன். சனி ஞாயிறில் பெரி படகு ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். என் கூட்டாளிகள் பாட்டைத் தனித்தனியாகத்தான் கேட்பார்கள், ஒன்று பிடித்துவிட்டால் நாள் முழுக்க அதுதான் ஓடும். எனக்கு அப்படிக் கேட்க வரவில்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் வரிசையாகக் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது.

இப்போதைக்கு என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது மூன்று. ஒன்று, யோகி பியும் நட்சத்திராவும் போட்ட ராப் ஆல்பம் வல்லவன் (2006). அது வந்தபோது நான் கைக்குழந்தை. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லை வீசுவார்கள். நம் ஊர்க்காரர்கள் கோலாலம்பூரில் செய்த தமிழ் ராப் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே உள்ளவர்களை ஆட வைத்தது என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இரண்டாவது ரஹ்மானின் இருவர் (1997). படம் பார்ப்பதற்கு முன்பே பாட்டு முழுவதும் கேட்டுவிட்டேன். நறுமுகையே குறுந்தொகை வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ குரலில் நடக்கிறது, அதே ஆல்பத்தில் ஹரிணி ஜாஸ் தாளத்தில் ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி பாடுகிறார், அப்புறம் அரவிந்த் சுவாமி குரலில் வெறும் கவிதை வருகிறது. கேட்கும்போது எதுவுமே தனியாகத் துண்டாகத் தெரியவில்லை, ஏன் என்றுதான் புரியவில்லை.

மூன்றாவது இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் (1986). இதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. பாடகரே இல்லாமல் ஒரு ஆல்பம் இவ்வளவு பேசும் என்று நான் நினைத்ததே இல்லை.

கேள்வி இதுதான். முதலாவதையும் மூன்றாவதையும் விடுங்கள், அவை படத்துக்குப் போட்டவை இல்லை. ஆனால் இருவர் மாதிரி ஒன்றில் ஒவ்வொரு பாட்டும் ஒரு காட்சிக்காகத்தானே உருவாகிறது. அதை ஆல்பம் என்று சொல்லலாமா, இல்லை, இல்லாத தொடர்ச்சியை நான்தான் கேட்டுக்கொள்கிறேனா?

செந்தூல்_அக்கா:

தம்பி, நீ கேட்பது உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது வரிசையால் வருவது இல்லை என்பது என் எண்ணம். கேசட் காலத்தில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா தெருக் கடைகளில் வாங்கிய எத்தனையோ கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் இருக்கும். எந்தப் பாட்டு எதற்குப் பின்னால் வரும் என்பது கம்பெனிக்காரர்கள் நீளம் பார்த்து வைத்ததாகவும் இருக்கலாம். இப்போது ஆப்பில் வரும் வரிசையும் பழைய கேசட் வரிசையும் பல படங்களுக்கு ஒத்துப்போகாது.

அப்படியானால் எது ஒட்ட வைக்கிறது என்றால், ஒலி. ரோஜா (1992) வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. வீட்டு ரேடியோவில் அதுவரைக்கும் கேட்ட எதுவும் அப்படி ஒலிக்கவில்லை. மின்மினி பாடிய சின்னச் சின்ன ஆசையும் ஹரிஹரன் பாடிய தமிழா தமிழாவும் மெட்டில் சம்பந்தமே இல்லாதவை. இரண்டும் ஒரே அறையிலிருந்து, ஒரே மனிதனின் காதிலிருந்து வந்தவை என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது. பாட்டு முதலில் வரும், படம் அப்புறம்தான் வரும். அந்த இடைவெளியில் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு எங்களுக்கு நாங்களே ஒரு படம் ஓட்டிக்கொள்வோம். உண்மையான படம் வந்து சில நேரம் அதைக் கலைத்துவிடும், அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. நீ படம் பார்க்காமல் இருவர் கேட்டது நல்லதாகப் போயிற்று.

பிரிக்பீல்ட்ஸ்_வயலின்:

அக்கா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துப்போகிறது. இருவர் விஷயத்தில் ஒலி மட்டும் காரணம் இல்லை, காலமும் ஒரு காரணம். கதை பழைய சினிமா உலகத்தில் தொடங்கிப் பல ஆண்டுகள் நகர்கிறது, பாட்டுகளும் அந்தந்தக் காலத்துச் சினிமாப் பாட்டின் உடையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. ஆஷா போஸ்லே பாடும் வெண்ணிலா வெண்ணிலாவையும் நீ சொன்ன ஹரிணி பாட்டையும் அடுத்தடுத்து கேள், ஒரு காலத்து இரவு விடுதி இசை எப்படித் தமிழுக்குள் வந்து உட்கார்ந்தது என்று காதுக்கே தெரியும். தம்பி, உனக்குத் துண்டாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஹவ் டு நேம் இட்டில் வரிசைதான் உயிர். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கிற்கும் காணிக்கையாகப் போட்ட ஆல்பம் அது. வி. எஸ். நரசிம்மன் வயலின். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் கேட்பது பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) முன்னுரைப் பகுதி. நான் வகுப்பில் அதைப் பயிற்சி செய்து கை வலித்தவன், அதனால் அந்த ஸ்வரங்கள் எனக்கு மனப்பாடம். இளையராஜா அதை மாற்றாமல் ஓடவிட்டு, பக்கத்தில் தன்னுடைய இசையை நடக்க வைக்கிறார். பாக் விருந்தாளி, இளையராஜா வீட்டுக்குச் சொந்தக்காரர். அடுத்த பகுதியின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்', அதாவது சந்தித்தார்கள், அப்புறம் பேசினார்கள். வரிசை மாற்றி ஷஃபிளில் போட்டால் பேச்சு முதலில் வந்துவிடும், சந்திப்பு பின்னால் வரும்.

வல்லவன் பிடித்திருந்தால் அதில் உள்ள மடை திறந்துவின் மூலப் பாட்டுக்குப் போ. நிழல்கள் (1980), வாலி எழுதி எஸ்பிபி பாடியது. வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டும் அதே படத்தில்தான் இருக்கிறது. அதையும் முழுதாகக் கேள்.

ஜெலுத்தோங்_அண்ணன்:

பினாங்குப் பையன் பட்டியல் போட்டிருக்கிறான், அதில் அலிகேட்ஸ் இசைக்குழு இல்லை! டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் நம் தீவுக்காரர்கள் தம்பி. மலாயில் பாடினார்கள், நாடே பாடியது. லோகா 2007இல் போய்விட்டார். அந்தக் குரலை ஒரு தடவையாவது நல்ல ஸ்பீக்கரில் கேள், போனில் வேண்டாம். ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால் பழைய இசைத்தட்டு கிடைக்கும், விலை பேசித்தான் வாங்க வேண்டும், சொன்ன விலையைக் கொடுத்துவிடாதே.

செந்தூல்_அக்கா:

வயலின், வரிசை விஷயத்தில் அந்த ஆல்பத்துக்கு நீங்கள் சொல்வது சரி. தம்பிக்கு இன்னொன்று சொல்கிறேன். திருவாசகம் (2005), இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துச் செய்தது. பொல்லா வினையேன் மட்டும் ஏறக்குறைய 20 நிமிடம் போகும். வேலை செய்துகொண்டே கேட்காதே.

பட்டர்வொர்த்_தம்பி:

அக்கா, நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது திருமுறை ஓதும் போட்டிக்காக, இந்தப் பாட்டின் வரிகள் உள்ள சிவபுராணத்தை மனப்பாடம் செய்தவன் நான். பிறவிகளை அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பகுதியை அப்போது மூச்சு விடாமல் ஒப்பிப்போம், தப்பில்லாமல் முடிந்தால் போதும் என்று இருக்கும். நேற்றுதான் அது ஒரு மனிதன் களைத்துப்போய்ச் சொல்வது என்று கேட்டது. அம்மா கதவைத் திறந்து என்ன பாட்டு என்று கேட்டார், பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. நடுவில் வரும் ஆங்கில வரிகள். ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியது என்று படித்தேன். தமிழில் உருகிக்கொண்டு இருக்கும்போது அவை வந்து என்னை வெளியே இழுக்கின்றன. அம்மாவுக்கு அது தொந்தரவாகவே இல்லை. வயலின் அண்ணன், உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?

பிரிக்பீல்ட்ஸ்_வயலின்:

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த வரிகள் வரும்போது நான் குரலை விட்டுவிட்டுக் கீழே தந்திக் கருவிகள் என்ன செய்கின்றன என்று பின்தொடர்கிறேன், மெட்டு அங்கே அறுபடவில்லை. ஆனாலும் அந்த இடத்தைத் தமிழிலேயே விட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்தும். நிழல்கள் கேட்டுவிட்டு எழுது.