டயர் மாற்றியபின் வேகமானிக்குச் செய்யும் வேலை: ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திருச்சியிலிருந்து, மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு பயிற்சியின் தலைப்பில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் பட்டறை ஜீப்பில் 215/75 ஆர் 15 டயர் இருந்தது; அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். அதைக் கழற்றிவிட்டு 235/75 போட்டோம். ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பக்கச்சுவரின் உயரத்தை இரு மடங்காக்கி அதோடு கூட்டினால் பழைய டயரின் விட்டம் 703.5, புதியது 733.5. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. மீட்டர் எண்ணுவதோ சுற்றை மட்டும்தான். அதனால் முள் 80-இல் நிற்கும்போது வண்டி 83-ஐத் தாண்டி ஓடுகிறது. தூரக் கணக்கிலும் 10,000 கி.மீ. என்று காட்டினால் உண்மையில் ஓடியது 10,426.

கியர்பாக்ஸில் மீட்டர் கேபிளைச் சுற்றுகிற பினியனுக்கு, அதாவது சிறு பற்சக்கரத்துக்கு, 24 பல். அதை எடுத்துவிட்டு 23 பல் பினியன் போட்டோம். கேபிள் சற்று விரைந்து சுற்றியது, கணக்கு சரியாகிவிட்டது. இந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது? 'வேகமானித் திருத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, ஒப்பாததற்குக் காரணம் உண்டு. 'வேகம்' வடசொல், 'மானி'யும் அப்படியே. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்னும் இரண்டையும் விரைவின் பொருளில் வைக்கிறது. இவ்வளவு இருக்கக் கடன் எதற்கு? 'விரைவளவி' என்று எழுதுங்கள். ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பழகிவிடும்.

டயருக்கும் சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியை வருணிக்குமிடத்தில் ஆரக்கால்களைச் சூழ்ந்த வட்டையைச் 'சூட்டு' என்கிறார் புலவர். சக்கரத்தின் விளிம்பைச் சூழ்வது சூட்டு. இன்று அந்த இடத்தில் இருப்பது ரப்பர். ஆகவே 'சூட்டுமாற்று விரைவளவிச் செப்பம்'. குறள் நெடுந்தேரைக் 'கால்வல்' என்கிறதே, அங்கே கால் என்பதும் சக்கரந்தான். கால், உருளை, நேமி, ஆழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுட்பம் உண்டு. அதை வேறு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, உங்கள் சொல்வளத்தின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் மீட்டரையும் 'சூட்டு' என்பதையும் ஒரே தொடரில் வைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஆட்டோ மீட்டருக்குச் 'சூடு வைப்பது' என்றால் கூடுதல் கட்டணம் காட்டும்படி அதைக் கெடுத்து வைப்பது. ஆட்டோவில் போய் வருகிற எவருக்கும் இது தெரியும். மாணவன் தலைப்பைப் படித்த உடனே அங்கேதான் போவான்.

'திருத்தம்' என்பதிலும் எனக்கு இதே கவலைதான். பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "மீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா?" என்று. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைக்கும் ஏமாற்று வேலைக்கு அந்தச் சொல் சந்தையில் நிலைத்துவிட்டது. நாம் பெயர் தேடுவது அதற்கு நேர்மாறான வேலைக்கு: பொய் சொல்லத் தொடங்கிய மீட்டரை உண்மை சொல்ல வைப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவனுக்கு நாம் தீங்கு செய்கிறோம். தூய்மையைவிட இந்த வேறுபாடு எனக்குப் பெரிது. 'வேகமானி' இருக்கட்டும், அது பாடநூலில் படித்த சொல். மாற்ற வேண்டியது 'திருத்தம்' ஒன்றைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பௌதிக ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் திசை சேராதது கதி, திசை சேர்ந்தது வேகம். நீங்கள் வேகம், திசைவேகம் என்கிறீர்கள். இந்தக் கருவிக்குத் திசை தெரியாது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் முள் ஒன்றையே காட்டும். எனவே எங்கள் கணக்கில் 'கதிமானி' என்பதே சரி. டயரை இங்கே 'ரயர்' என்று எழுதுவோம். கையேடு இங்கேயும் பயன்பட வேண்டுமென்றால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

மதுரைப் பேராசிரியர்:

'கதி'யும் வடசொல்லே. 'விரைவு' என்று கொண்டால் இரு கரைக்கும் பொதுவாகுமே!

கோவையிலிருந்து, பொறியாளர்:

பெயர் வைப்பதற்கு முன் எது மாறுகிறது என்று பாருங்கள். பழைய மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் இழுபட்டு, சுருள்வில்லை எதிர்த்து முள்ளைத் திருப்புகிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்சே 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. டயரை மாற்றியதால் காந்தமும் கெடவில்லை, வில்லும் தளரவில்லை. நியமக் கருவியோடு ஒப்பிட்டு மீட்டரையே சரிசெய்தால் அது 'அளவுதிருத்தம்'. இங்கே மீட்டரில் பிழையே இல்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கு மட்டுமே மாறிவிட்டது.

அந்தத் தூரத்துக்குத்தான் முதலில் பெயர் வேண்டும். 'உருள்சுற்று' எப்படி? விட்டத்தைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி வருவதல்ல இது. வண்டியின் எடையில் டயர் அமுங்கி உருளும்போது உண்மையில் கடக்கிற தூரம். தேயத் தேய இதுவும் குறையும். டயரின் வரிப்பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ.யிலிருந்து 1.6 ஆகும்போது விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடுகிறது.

இதில் அலட்சியம் கூடாது. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிமுறைப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. 80-இல் போனால் 92 வரை காட்டலாம், 79 காட்டக் கூடாது. பெரிய டயர் போடுகிறவர் அந்தக் காப்பைத்தான் தின்கிறார். என் பரிந்துரை: 'உருள்சுற்று ஈடு'.

மதுரைப் பேராசிரியர்:

'உருள்சுற்று' வினைத்தொகை; உருண்ட, உருள்கின்ற, உருளும் சுற்று என மூன்று காலமும் அதில் ஒடுங்கி நிற்கும். தேய்ந்துகொண்டே போகும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது. மனமாரப் பாராட்டுகிறேன். 'ஈடு'தான் இடிக்கிறது. ஈடு என்றால் அடகு, ஒப்பு, இழப்புக்குத் தருவது. நம்பிள்ளையின் திருவாய்மொழி உரைக்கும் அதுவே பெயர், ஈடு முப்பத்தாறாயிரப்படி. அங்கே படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. அரிசி அளக்கும் படியும் எழுத்து அளக்கும் படியும் ஒரே சொல்லாக இருப்பதைக் கவனியுங்கள்...

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நாளை வெள்ளிக்கிழமை.

திருச்சிப் பயிற்றுநர்:

அனைவருக்கும் நன்றி. இன்று பட்டறையில் கோவை நண்பர் சொன்னதைச் செய்து பார்த்தோம். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஓட்டுநரை உட்கார வைத்து, வண்டியைப் பத்துச் சுற்று தள்ளி நாடாவால் அளந்தோம். பழைய டயருக்கு 21.4 மீட்டர், புதியதற்கு 22.3. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.042. காகிதக் கணக்கில் வந்ததும் ஏறக்குறைய அதேதான்.

அளந்து முடித்ததும், "இப்போது பினியனை மாற்றி என்ன செய்யப் போகிறோம், உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்டேன். தரையில் குனிந்து கோட்டை அழித்துக்கொண்டிருந்த மாணவி நிமிராமலே, "மீட்டரை டயருக்கு நேர்செய்யப் போகிறோம்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட 'திருத்தம்' என்று சொல்லவில்லை.

'வேகமானி நேர்செய்தல்' என்று தலைப்பிடுகிறேன். உள்ளே 'உருள்சுற்று' வரும், விளக்கத்தோடு. டயர் டயராகவே இருக்கும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

என் வாக்கு இதற்கே. ஏமாற்று வேலையின் நிழல் இதில் இல்லை.

யாழ்ப்பாண ஆசிரியர்:

'நேர்செய்தல்' எங்களுக்கும் விளங்கும். இங்கே படியெடுக்கும்போது 'கதிமானி' என்று மாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கள்.

கோவைப் பொறியாளர்:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு குறையோடு. புதிய வண்டிகளில் பினியனே கிடையாது. சென்சார் அனுப்பும் துடிப்புகளைக் கணினி எண்ணுகிறது. டயரின் அளவை அதற்குள் எண்ணாகவே மாற்றிப் பதிய வேண்டும். பல்லை மாற்றுவதையும் எண்ணை மாற்றுவதையும் ஒரே சொல்லில் அடக்கலாமா? அடுத்த பதிப்புக்கு முன் இதைப் பேசியாக வேண்டும்.

மதுரைப் பேராசிரியர்:

'நேர்' நல்ல தமிழ், அதற்கு மறுப்பில்லை. ஆனால் 'வேகமானி'யை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அச்சான படி ஒன்றை எனக்கு அனுப்புங்கள் தம்பி. அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் என் கையால் 'விரைவளவி' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மாணவர்கள் இரண்டையும் பார்க்கட்டும்.