பாஸ்டன் பக்கம் முதல் குளிர்காலமா? கூரையைக் கவனியுங்கள்

இந்த வருடம் பாஸ்டன் பக்கம் வீடு வாங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் ஆபீஸிலேயே சொல்லிவிடுவார்கள். கூரையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் 110.6 அங்குலம் பனி கொட்டியது. அதில் 64.8 அங்குலம் பிப்ரவரியில் மட்டும். நாங்கள் வீடு வாங்கி ஐந்தாவது மாதம். ஒருநாள் இரவு ஹால் ஜன்னலுக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர், மழையும் கிடையாது, பைப் எதுவும் அந்தப் பக்கம் ஓடவில்லை, எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. விடிவதற்குள் சீலிங் ஊறி ஒரு துண்டு பெயர்ந்து சோபாவில் விழுந்துவிட்டது.

இதற்கு இங்கே ஐஸ் டாம் என்கிறார்கள். நம் வீட்டு ஹீட்டரின் சூடு அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) வழியாக மேலே கசிந்து கூரைப் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் வழிந்து விளிம்புக்கு வருகிறது. விளிம்புக்குக் கீழே சூடான அறை இல்லை, அதனால் அங்கே வந்ததும் உறைந்து ஓர் அணை மாதிரி நிற்கிறது. பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ஷிங்கிளுக்கு (கூரை மேல் ஓடு மாதிரி பதிக்கும் தகடு) அடியில் புகுந்து சுவருக்குள் இறங்குகிறது. விளிம்பில் ஈட்டி ஈட்டியாக ஐஸ் தொங்கினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் முதல் எச்சரிக்கை.

ரூஃப் ரேக் என்று நீளக் கைப்பிடி வைத்த வாருகோல் கிடைக்கும். புயலுக்கு முந்தின நாள் தேடினால் கடையில் இருக்காது, நவம்பரிலேயே வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறை பனி நின்றதும் தரையில் நின்றபடியே விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடிக்கு இழுத்துவிடுங்கள், கரண்ட் வயர் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஏணி வைத்து ஏறவே ஏறாதீர்கள். சுத்தியலால் ஐஸை உடைத்தால் ஷிங்கிளும் சேர்ந்து போகும். அணை ஏற்கெனவே கட்டிவிட்டதா? பழைய நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடு நிரப்பி அதன்மேல் குறுக்கே போட்டால் தண்ணீர் வடிய ஒரு வழி கிடைக்கும். சாதாரண ராக் சால்ட் வேண்டாம், கூரையையும் கீழே உள்ள செடிகளையும் கெடுக்கும்.

நிரந்தரத் தீர்வு அட்டிக் இன்சுலேஷன்தான், அதாவது வீட்டுச் சூடு மேலே கசியாமல் அட்டிக்கில் தடுப்புப் போடுவது. மாசசூசெட்ஸின் மாஸ் சேவ் என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் இலவசமாக வந்து பார்ப்பார்கள், இன்சுலேஷன் செலவிலும் பெரிய தள்ளுபடி உண்டு. நான் சீலிங் விழுந்த பிறகுதான் செய்தேன், நீங்கள் முன்னாடியே செய்துவிடுங்கள்.

பாரம் வேறு விஷயம். ஓர் அங்குல ஐஸ் ஒரு சதுர அடிக்கு சுமார் ஐந்து பவுண்டு அழுத்தும். 2015-இல் மாசசூசெட்ஸில் இடிந்த கூரைகளில் தட்டையானவை நிறைய. திறந்து மூடிய கதவு திடீரென்று இறுகினாலோ, சீலிங்கில் புது விரிசல் விட்டாலோ, மேலே முறிகிற மாதிரி சத்தம் கேட்டாலோ குழந்தைகளோடு உடனே வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், பைப்பில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வைக்க வேண்டாம், தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுங்கள். சேதம் ஆகிவிட்டால் துடைப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு அன்றைக்கே இன்சூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள். நான் முதலில் சுத்தம் செய்துவிட்டேன், நனைந்த கார்ப்பெட்டுக்கு ஆதாரம் காட்டச் சொல்லி ஆறு வாரம் இழுத்தடித்தார்கள்.